மூன்று வெட்டுக் கத்திகள்

பழைய கத்தியைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருகிறவனிடம் ஹோபர்ட் டீக் வானிலையைப் பற்றித்தான் பேசுவான். மழை வருமா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அவ்வளவுதான். கத்தியைப் பற்றி ஒரு சொல் வராது. நூறு வருஷம் ஆப்பிள் நறுக்கி, பன்றி அறுத்து, கொழுப்பிலும் கைவியர்வையிலும் ஊறிப் படிந்த கருமையை ஒரு மதியத்தில் உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டு, "எப்படி, புதுசு மாதிரி ஆயிடுச்சில்ல?" என்று கேட்கிறவனிடம் வேறு எதைப் பேசுவது.

டென்னசியின் கிழக்கு மலையடிவாரத்தில், லாரல் ஓடைப் பள்ளத்தாக்கின் வாயில் அவன் வீடு. கீழே டவுனில் தக்காளியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கும் வேலை. கோடை முழுக்க நீராவியும் தக்காளி வாடையும். இலை உதிர ஆரம்பித்ததும் வேலை குறையும். அப்போது பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவான். "உங்க அடுக்களை இழுப்பறையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்கிற ஆண்பிள்ளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு வண்டிச் சத்தம் கேட்டதுமே பெண்கள் இழுப்பறையை ஒழுங்கு செய்துவைக்கப் பழகிக்கொண்டார்கள்.

கத்தி சேகரிக்கிற மற்றவர்கள் அப்படி அலைவதில்லை. அவர்களுக்கு வேண்டியது முழங்கை நீளத்துக்கு, பித்தளைக் காப்பு வைத்த சண்டைக் கத்தி. வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட போரில் இன்னார் இடுப்பில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். "இத்தனை கத்தி நிஜமாவே போருக்குப் போயிருந்தா துப்பாக்கி வைக்க இடம் இருந்திருக்காது" என்பான் லூமிஸ் ஹேல். டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன், கத்திக்காரர்களில் ஹோபர்ட்டுக்கு நெருங்கிய சிநேகிதன்.

ஹோபர்ட் தேடியது அடுக்களைக் கத்தியையும் பன்றி அறுக்கிற கத்தியையும். மலையில் இருந்த கொல்லர்கள் லாடத்துக்கும் கலப்பைக் கொழுவுக்கும் நடுவே, கிடைத்த இரும்பில் தட்டிக்கொடுத்தவை. தேய்ந்துபோன அரத்திலிருந்து ஒன்று, உடைந்த மர ரம்பத்திலிருந்து ஒன்று, வண்டி வில்லிலிருந்து ஒன்று. அரத்தில் செய்ததைச் சாய்த்துப் பிடித்தால் கருமைக்கு அடியில் அரத்தின் பல் மீன் செதிள் மாதிரி மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்ட அன்று அவன் இரண்டு தடவை சாப்பிடுவான் என்று அவன் மனைவி ஆர்டித் சொல்வாள்.

அந்தக் கொல்லர்கள் யாரும் கத்தியில் பெயர் பொறித்ததில்லை. பெயர் பொறித்து வந்ததெல்லாம் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தது, அல்லது வடக்கே தொழிற்சாலைகளில் செய்தது. மலைக் கொல்லருக்குப் பெயர் எதற்கு? வாங்குகிறவன் பக்கத்துக் காட்டுக்காரன். கத்தி வளைந்தால் நேரே வந்து திட்டுவான்.

ஆர்டித்தும் தொழிற்சாலையில் தக்காளித் தோல் உரிக்கும் வரிசையில் நின்றவள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு போதகர் வீட்டில் வளர்ந்தாள். அம்மா பஞ்சாலை ஊர் ஒன்றில் இறந்துபோனபோது அவளுக்கு மூன்று வயது. அப்பா யாரென்று யாரும் சொல்லவில்லை. கேட்லெட் என்று அம்மா வழியில் வந்த குடும்பப் பெயர் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று தேவாலயத்தில் மாப்பிள்ளை பக்கத்து பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. பெண் பக்கம் போதகரும் அவர் மனைவியும் மட்டும். ஹோபர்ட்டின் அத்தைகள் தாங்களாகவே எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். ஆர்டித் அதை மறக்கவில்லை.

அவள் கொண்டுவந்த பெட்டியில் மாவுப் பையில் சுற்றிய ஒரு கத்தி இருந்தது. அம்மாவுடையது. வால்நட் மரப் பிடி. கத்தியின் முதுகில், பிடியை ஒட்டி, அரத்தால் போட்ட மூன்று வெட்டு. பக்கத்துப் பக்கத்தில், விரல் நகம் பதிகிற ஆழத்தில்.

ஹோபர்ட்டைக் கத்திப் பைத்தியமாக்கியது அந்தக் கத்திதான். சில வருஷம் கழித்து ஃபான்ச்சர் வீட்டுத் தொழுவத்தில் புகையிலைக் கயிறு அறுக்க ஆணியில் மாட்டியிருந்த கத்தியிலும் அதே மூன்று வெட்டைப் பார்த்தான். அன்று வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு ஹஸ்கி வீட்டில் ஒன்று. மேலோடையில் ஒரு விதவையிடம் ஒன்று. ஒன்றை வேட்டை நாய்க்குட்டிக்கு மாற்றினான், ஒன்றைத் தையல் மெஷினுக்கு. ஒவ்வொன்றும் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே கிடைத்தது. வெளியே ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஓடையின் தலைப்பக்கம் கேட்லெட் குடும்பம் இருந்த இடத்தில் இப்போது புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அங்கே தோண்டிப் பார்த்தான். இரும்புக் கசடு கிடைத்தது. எந்தப் பண்ணையில் தோண்டினாலும் கிடைக்கும்தான். மேட்டுத் தேவாலயத்தின் கல்லறைகளில் தேய்ந்த கல் ஒன்று இருந்தது: ஏசா கேட்லெட். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆர்டித்தின் கொள்ளுத்தாத்தா.

வீட்டுக்கு வந்து சொன்னான். "உன் கொள்ளுத்தாத்தா கொல்லர், ஆர்டித். இந்தக் கத்தியெல்லாம் அவர் கைவேலை. மூணு வெட்டு அவரோட முத்திரை."

ஆர்டித் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து கத்திகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "கொல்லரா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கொல்லரா?"

மறுநாள் தக்காளி வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. கொல்லர் வீட்டுப் பெண் என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அது பிடித்தது. மே மாதம் எல்லோரும் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து அங்கேயே சாப்பாட்டைப் பிரிக்கிற நாளில், அதுவரை டீக் குடும்பத்துக் கல்லறைகளில் வேலை செய்துகொண்டிருந்தவள், வாளியும் தூரிகையுமாக மேட்டுக்குத் தனியே ஏறினாள். ஏசாவின் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். "எங்க ஆளு இங்க இருக்காருல்ல" என்றாள், வழியில் கேட்டவர்களிடம்.

கத்திக் கண்காட்சிகளில் ஹோபர்ட்டின் மேசைக்குப் பெயர் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பச்சைத் துணி விரித்த மேசைகள் வரிசையாக இருக்கும். அவனுடைய மேசையில் மட்டும் பெயர் தெரிந்த மலைக் கொல்லர் ஒருவருடைய கத்திகள், கண்ணாடிப் பெட்டிக்குள்.

லூமிஸ்தான் ஒருமுறை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "இந்த ஏசாவுக்கு எத்தனை கை?" என்றான்.

"ஏன்?"

"ஒண்ணு முதுகு தடியா இருக்கு, ஒண்ணு காகிதம் மாதிரி இருக்கு. ஒண்ணுல ஆணி பித்தளை, ஒண்ணுல இரும்பு. இந்த ஆளு காலைல ஒரு மாதிரி செஞ்சு சாயங்காலம் வேற மாதிரி செஞ்சானா?"

"வயசாக ஆக கை மாறும் லூமிஸ். இது அவர் சின்ன வயசுல செஞ்சது. இது கல்யாணத்துக்கு அப்புறம். இது கை நடுங்க ஆரம்பிச்ச காலம்."

"கல்யாணத்துக்கு அப்புறம்னு எப்படிச் சொல்ற?"

"பிடியப் பாரு. அவசரமில்லாம செஞ்சிருக்கார்."

"எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான்பா அவசரமே வந்துச்சு" என்றான் லூமிஸ். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோபர்ட்டும் சிரித்தான். கேள்வி அதோடு போயிற்று.

அந்த வருஷம், 1977-இல், ஆர்டித் ஒரு முடிவு செய்தாள். ஏசாவின் கல்லில் கொல்லர் பட்டறையில் இரும்பை வைத்துத் தட்டுகிற அடைகல்லின் படம் ஒன்றைச் செதுக்க வேண்டும். கல் வெட்டுகிறவரிடம் பேசி, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடாகிவிட்டது. அவளே காகிதத்தில் படம் வரைந்து பார்த்தாள். முதல் படம் பன்றித்தலை மாதிரி இருந்தது. பிறகு சரியாக வந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை ப்ரூயிட் வீட்டில் பன்றி அறுப்பு.

குளோவிஸ் ப்ரூயிட் பள்ளத்தாக்கிலேயே வயதானவர். எல்லோருக்கும் மாமா. அவரிடம் மான்கொம்புப் பிடி போட்ட நீளமான குத்துக்கத்தி ஒன்று இருப்பதாகவும் அதில் மூன்று வெட்டு இருப்பதாகவும் ஹோபர்ட் கேள்விப்பட்டு வருஷக்கணக்கில் நடையாய் நடந்தான். விற்க மாட்டார். காட்டவும் மாட்டார். கடைசியில் ஒருநாள், "பாக்கணும்னா வேலைக்கு வா. அது வெளிய வர்றது பன்னி அறுக்கிற அன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல உறைபனி. வெந்நீர்த் தொட்டிக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருந்தபோதே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். அவரவர் கத்தியை அவரவர் கொண்டுவந்தார்கள். ஹோபர்ட் கடையில் வாங்கிய ஒன்றைக் கொண்டுபோயிருந்தான். பெட்டியிலிருக்கும் கத்தியை வேலைக்கு எடுப்பதை அவன் நினைத்தும் பார்த்ததில்லை.

ப்ரூயிட் அந்தக் கத்தியைக் கையில் கொடுக்கவில்லை. பலகையில் பிடி அவன் பக்கம் இருக்கும்படி வைத்தார். ஹோபர்ட் எடுத்தான். கொம்பு கைக்குள் சூடாக உட்கார்ந்தது. அலகு பாதிக்கு மேல் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. முதுகில் மூன்று வெட்டு.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மாமா."

"அப்ப வேலையப் பாரு. பன்னி மயிரெல்லாம் காய்ஞ்சு போகுது."

நாள் முழுக்க வேலை. வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார்கள், தொங்கவிட்டார்கள், பிளந்தார்கள், துண்டம் போட்டார்கள். உள்ளே ஆர்டித்தும் மற்றப் பெண்களும் கொழுப்பை உருக்கிக்கொண்டும் கறியைச் சேஜ் என்கிற வாசனை இலையோடு அரைத்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் இளங்கறி வறுவலும் சோளரொட்டியும். ஹோபர்ட்டுக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் சமீபத்தில் இல்லை.

வேலை முடிந்ததும் எல்லாக் கத்திகளையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் போட்டுக் கழுவினார்கள். ஓபல் ஃபான்ச்சர் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததும் பார்க்கக்கூட இல்லை. கட்டை விரலால் முதுகைத் தடவினாள்.

"குறுக்கு வெட்டு. ஹஸ்கி, உங்களுது. ரெண்டு வெட்டு, இது ப்ரூயிட் மாமா வீட்டுது. ஆணிக்குழி, எங்க வீட்டுது. யாருப்பா இது, குறியே இல்ல? ஹோபர்ட், உன்னுதா? குறி போடாம பன்னி அறுக்க வந்தா வெறுங்கையோடதான் திரும்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹோபர்ட் தன் கத்தியை வாங்கிக்கொண்டான். ஹஸ்கியின் கத்தியைப் பார்த்தான். மரப்பிடி போட்ட தொழிற்சாலைக் கத்தி. அதன் முதுகில் பழைய குறுக்கு வெட்டு.

ஓபல் அடுத்ததை எடுத்தாள். "மூணு வெட்டு. கேட்லெட் குறி. மாமா, இது உங்ககிட்டதானே இருக்கும்?"

"வை அங்க" என்றார் ப்ரூயிட்.

கொம்புப் பிடிக் கத்தியாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை. அது பலகையில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. இது வேறு. ஹோபர்ட் எடுத்துத் திருப்பினான். தேய்ந்த அலகில் ஒரு வடக்கத்திய ஊரின் பெயர் பாதி தெரிந்தது. அச்சுக் குத்தின எழுத்து. கடையில் விற்ற கத்தி. அதன் முதுகில் மூன்று வெட்டு.

எந்தக் கொல்லரும் கடையில் வாங்கிய கத்திக்குத் தன் முத்திரையைப் போட மாட்டார்.

ஈரக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இது செய்தவரின் முத்திரை இல்லை. அடையாளம். பன்றி அறுப்பு முடிந்து தொட்டியில் கத்திகள் கலக்கும்போது இது எங்கள் வீட்டுது என்று எடுத்துக்கொள்வதற்காக, யாரோ ஒரு கேட்லெட் அரத்தை எடுத்து மூன்று முறை இழுத்திருக்கிறார். செய்தவர் யாரோ. அதுவும் ஒருவர் இல்லை, பலர். லூமிஸ் கேட்ட கைகள் எல்லாம் நிஜமாகவே வேறு வேறு கைகள். சின்ன வயது, கல்யாணத்துக்குப் பிறகு, கை நடுங்கிய காலம்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் ப்ரூயிட்.

"ஏசா கேட்லெட் என்ன வேலை பாத்தார் மாமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டார். சோளம் போட்டிருப்பார். எல்லாரும் சோளம்தான் போட்டாங்க."

வீட்டுக்கு வரும்போது ஆர்டித் மடியில் தங்கள் பங்குக் கறியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை கல்லுக்காரருக்கு என்ன சமைக்கலாம், அடைகல் பெயருக்கு மேலே வர வேண்டுமா கீழேயா. மேலே என்றான் ஹோபர்ட்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் இருந்தபோது பூதக்கண்ணாடியோடு பெட்டியைத் திறந்தான். வெட்டுகளின் உள்பக்கம் அலகைவிட வெளுப்பாக இருந்தது. கத்தி கறுத்த பிறகு போட்ட வெட்டு. ஒன்றில் வெட்டு பிடியின் ஓரத்தையும் லேசாகக் கடித்திருந்தது. பிடி போட்ட பிறகுதான் அப்படி ஆகும். இதையெல்லாம் முன்பும் பார்த்திருக்கிறான். பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்லிக்கொண்டான். வேறொருவன் மேசையில் இப்படி இருந்திருந்தால் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்திருப்பான்.

சொல்லாமல் விடலாம். ப்ரூயிட் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஓபலுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கல்லில் அடைகல் ஏறிவிட்டால் அப்புறம் ஏசா கொல்லர்தான். ஆனால் அவள் ஒவ்வொரு மே மாதமும் அதன் முன்னால் மண்டி போட்டுத் தேய்ப்பாள், அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சொன்னால் அவளுக்கு மறுபடி யாரும் இல்லை. அதுவும் முடியும் என்று தோன்றவில்லை.

புகைக்கொட்டிலில் தொடைக்கறிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தான். இருவர் கையும் முழங்கை வரை உப்பு.

"ஆர்டித். ஏசா கொல்லர் இல்ல."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்." கடையில் வாங்கிய கத்தியைச் சொன்னான். தொட்டியைச் சொன்னான், ஹஸ்கியின் குறுக்கு வெட்டைச் சொன்னான், ஆணிக்குழியைச் சொன்னான். வெட்டுக்குள் இருக்கிற வெளுப்பையும் சொன்னான்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சத்தியமா. உனக்கு ஒரு ஆளக் காட்டணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கு ஏத்த மாதிரி பாத்துட்டேன்."

ஆர்டித் கறியைப் புரட்டிப் போட்டாள். எலும்போரம் உப்பை அழுத்தித் திணித்தாள். "தக்காளி வரிசைல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு" என்றாள். "ஞாயித்துக்கிழமைப் பள்ளில குழந்தைங்ககிட்ட சொல்லியாச்சு. அந்த ஆளு எப்படி உலை ஊதுவார்னு நடிச்சே காட்டியிருக்கேன் ஹோபர்ட்."

"தெரியும்."

"கண்ணாடி போட்ட பொண்ணு கையத் தட்டுச்சு."

வெளியே நாய் எதையோ பார்த்துக் குரைத்துவிட்டு நிறுத்தியது. ஆர்டித் கையை உதறிக்கொண்டாள். முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"இரு" என்றாள். "ஃபான்ச்சர் தொழுவத்துல இருந்துச்சே, அது யார் வீட்டுது?"

"கேட்லெட் வீட்டுது. குறி அப்படித்தான் சொல்லுது."

"ஹஸ்கி வீட்டுல இருந்தது?"

"அதுவும்."

"மேலோடை அம்மா வச்சிருந்தது? ப்ரூயிட் மாமா கொம்புக் கத்தி?"

"எல்லாமே."

"அப்ப எங்க வீட்டுக் கத்தி இவங்க வீட்டுக்கெல்லாம் எப்படிப் போச்சு?"

அத்தனை வருஷம் கத்தி கத்தியாகப் பார்த்தவனுக்கு, அந்தக் கேள்வி சனிக்கிழமையிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

"இரவல் வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுக்கல!" என்றாள் ஆர்டித். உப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "பள்ளத்தாக்கு முழுக்க எங்க வீட்டுல கத்தி வாங்கித்தான் பன்னி அறுத்திருக்கு. ஒருத்தர் பாக்கியில்ல." தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் அருகில் போனான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கப் போய் உப்புக் கை கண்ணில் பட்டு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். "ஐயோ ஹோபர்ட். நீ எங்க வீட்டுக் கத்தியையே விலை குடுத்து வாங்கிட்டு வந்திருக்க! நாய்க்குட்டி வேற குடுத்த!"

"அது நல்ல நாய்க்குட்டி" என்றான் ஹோபர்ட்.

கல்லுக்காரருக்கு அவளே போன் செய்தாள். படம் வேண்டாம், மழையில் பெயர் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் ஆழமாக வெட்டிக்கொடுங்கள் என்றாள். என்ன தொழில் என்று கேட்டிருப்பார் போல. "சோளம் போட்டார். கேட்டவங்களுக்குக் கத்தி குடுத்தார். அதெல்லாம் வெட்ட வேண்டாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஆர்டித் நேரே ஓபலிடம் போனாள். "ஓபல் அக்கா, உங்க வீட்டுல எங்க வீட்டுச் சாமான் வேற என்ன இருக்கு?"

"என்னடி சாமான்?"

"மூணு வெட்டு போட்டது. உங்க தாத்தா எங்க தாத்தாகிட்ட இரவல் வாங்கினது."

"அடிப்பாவி! அதுக்கு உன் புருஷன் தையல் மெஷின் குடுத்துட்டான். யாவாரம் முடிஞ்சுபோச்சு."

"அது கத்திக்கு. நான் மீதியக் கேக்கறேன்."

ஓபல் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொட்டி மாவு பிசையற மரத்தொட்டி ஒண்ணு இருக்கு. விளிம்புல வெட்டு இருக்கும். எலி கடிச்சதுன்னு நெனச்சேன்" என்றாள்.

மரத்தொட்டி வந்தது. ஹஸ்கி வீட்டிலிருந்து ஒரு கோடாரிக்காம்பு வந்தது. யாரோ ஒரு கதவுத் தாழ்ப்பாளைக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தது இரண்டு வெட்டுதான். ப்ரூயிட் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் காப்பி குடித்தார்கள், கேட்லெட்டுகளைப் பற்றித் தங்கள் வீட்டில் கேட்டதைச் சொன்னார்கள். ஒரு கேட்லெட் தேனீ பிடிப்பதில் கெட்டிக்காரராம். ஒரு கேட்லெட் பெண் பாட்டுக்காரியாம், தேவாலயத்தில் அவள் குரலுக்கு மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்களாம். பாதி பொய்யாக இருக்கலாம். ஆர்டித் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

ப்ரூயிட் மாமா தாமே வந்தார். கடையில் வாங்கின கத்தியைச் சமையலறை மேசையில் வைத்தார்.

"எங்க தாத்தா சொல்லுவார்" என்றார். "கேட்லெட் ஆளுங்க பஞ்சாலைக்குப் போனது நடுக் குளிர்காலம். ராவோட ராவா மூட்டை கட்டிட்டாங்க. திருப்பிக் குடுக்கப் போனா வீடு பூட்டிக் கிடந்துச்சு. நாங்க திருடல."

"திருடினீங்கன்னு யார் மாமா சொன்னா?"

"கொம்புப் பிடி மட்டும் தர மாட்டேன். அதில்லாம எனக்குக் கை ஓடாது."

"வச்சுக்குங்க. இரவல்தானே."

"இரவல்னு நான் சொல்லவே இல்லையே."

"தர மாட்டேன்னு சொன்னீங்க. தர வேண்டியதத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

கிழவர் ஹோபர்ட்டைப் பார்த்தார். "இவகிட்ட நீ எப்படிக் காலம் தள்ற?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

வசந்தகாலக் கண்காட்சிக்கு ஹோபர்ட் மேசையில் புதிய அட்டை வைத்தான். கேட்லெட் வீட்டுக் கத்திகள், லாரல் ஓடை. செய்தவர்கள் பலர், பெயர் தெரியாது. வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஏசாவின் கத்தி கிடைத்தால் வாங்குவதாகப் போன வருஷம் சொல்லிவிட்டுப் போன ஆள் ஒருவர் வந்து, அட்டையைப் படித்துவிட்டு, இந்த வாரம் மழை இருக்குமா என்று கேட்டார். இருக்கும்போல என்றான் ஹோபர்ட். அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

லூமிஸ் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "என்னய்யா, கொல்லர் செத்துட்டாரா?"

"செத்துட்டார்."

"கல்யாணத்துக்கு அப்புறமா, முன்னாலயா?"

"போடா" என்றான் ஹோபர்ட். லூமிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்று முழுக்க இருவரும் ஒவ்வொரு கத்தியாக எடுத்து, எது எந்தக் கையாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தடித்த முதுகுக்காரன் ஒருவன். காகிதம் மாதிரி அடிக்கிறவன் ஒருவன். பித்தளை ஆணிக்காரன் கஞ்சனாக இருக்க முடியாது என்றான் லூமிஸ். கொல்லர் ஒருவராக இருந்தபோது பேச இவ்வளவு இருந்ததில்லை.

அந்த வருஷம் பன்றி அறுப்பு எங்கள் வீட்டில்தான் என்று ஆர்டித் சொல்லிவிட்டாள். உறைபனி விழுந்த காலையில் முற்றத்தில் தீ மூட்டிவிட்டு ஹோபர்ட் உள்ளே வந்தபோது கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. கத்திகள் மேசையில் வரிசையாக இருந்தன. பக்கத்தில் சாணைக்கல்.

"ஆர்டித், வேண்டாம்."

"ஏன்?"

"சாணை பிடிச்சா அலகு ஓரத்துல கருமை போயிடும். அப்புறம் வரவே வராது. இதத் தொடாமத்தான்…"

"வேலை செஞ்சுதானே கருப்பாச்சு?"

சேகரிக்கிறவர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் பல அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். வெளியே ஃபான்ச்சர் வீட்டு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"உன் கைல குடுத்தா கோணலாப் பிடிப்ப" என்றான். சாணைக்கல்லையும் ஆர்டித் அம்மாவின் வால்நட் பிடிக் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டான். வெள்ளை இரும்பு மெல்லிய கோடாக அலகின் ஓரத்தில் தெரிந்தது. இரண்டாவது இழுப்புக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். நல்ல இரும்பு. சத்தத்திலேயே தெரிந்தது.

கூரானதை ஒவ்வொன்றாகப் பலகையில் வைக்க வைக்க ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓபலின் புது மருமகன், வெளியூர்க்காரன், அரத்தில் செய்ததை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். செதிள் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"யார் செஞ்சதுங்க இது?"

"தெரியாது" என்றான் ஹோபர்ட். சொல்ல நன்றாக இருந்தது. "யார் வீட்டுதுன்னு கேளு, சொல்றேன்."

"யார் வீட்டுது?"

அதற்குள் ஆர்டித் முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "எங்க வீட்டுது! அவன்கிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க தம்பி, பன்னி ஆறிப்போகும். ஹோபர்ட், வெந்நியத் தூக்கிட்டு வா!"

ஹோபர்ட் சாணைக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாளியை எடுக்கப் போனான்.